கற்றோர் கண்ணிற் படாத கலை

விழா மலருக்குக் கட்டுரை வரைவோர் பெரும்பாலும் கல்வியின் உயர்வையே பேசுவர். நாமும் அதனைக் குறைத்துப் பேசப் புகுந்தோமில்லை. ஆயினும், கற்றோரை எளிதிற் பற்றும் குறையொன்றுண்டு. தாம் நெடுந்தூரஞ் சென்று தேடும் பொருள் தம் வீட்டிலேயே நின்றாலும், அது தாம் எதிர்பார்த்த கோலத்தில் வாராவிடின் அவர் அதனைக் காண்பதில்லை. இதற்குச் சான்றாக எலிசபெத் கொட்டன் என்னும் அமெரிக்க நீக்கிரோவ மூதாட்டியாரின் இசை வாழ்வை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம்.

அம்மையார் 1890களில் வட கரோலைனா மாநிலத்துக் கார்பரோ என்னும் சிற்றூரிற் பிறந்தவர். அடிமைத்தளை நீங்கியும் வறுமைத்தளை நீங்காத மக்களிடையே புளூஸ் என்னும் இசைவகை உருப்பெற்று வந்த காலம் அது. இளமையிலேயே பள்ளியை விட்டு வீட்டு வேலைக்குச் சென்ற அச்சிறுமி, தம் கூலியிற் சேர்த்த 3 டொலர் 75 சதத்துக்கு ஒரு கிற்றார் வாங்கினார். அவர் இடக்கைப் பழக்கமுடையவர். வாத்தியமோ வலக்கையாளருக்கு நரம்பு கட்டப்பெற்றது. கற்றுக்கொடுக்க ஒருவருமில்லை. எனவே அதனைத் தலைகீழாகப் பிடித்து, பிறர் பெருவிரலால் மீட்டும் மந்தர நரம்புகளை மற்றை விரல்களாலும், பிறர் விரல்களால் மீட்டும் மெட்டினைப் பெருவிரலாலும் வாசிக்கப் பழகினார். வீட்டுக்கருகே ஓடிய சரக்குப் புகைவண்டியை நினைந்து 'பிரெயிட் ரெயின்' என்னும் பாட்டை அவர் கட்டியபோது வயது பன்னிரண்டளவே.

பின்னர் மணவாழ்வு வந்தது. உலகியற் பாட்டுக்கள் தகா எனத் தேவாலயத்தார் கூறினர். கிற்றார் கைவிடப்பட்டது. பல பத்தாண்டுகள் அவர் பிறர் வீடுகளிற் சமைத்தும் துணி வெளுத்துமே காலங்கழித்தார்.

1940களின் பிற்பகுதியில் வாஷிங்டன் நகரக் கடையொன்றில் அவர் வேலைபார்த்த வேளை, கூட்டத்தில் வழிதப்பிய ஒரு சிறுமியைக் கண்டெடுத்துத் தாயிடம் ஒப்படைத்தார். அத்தாயே றூத் குறோபோட் சீகர் என்னும் இசையாசிரியை. அவர் கணவர் சாள்ஸ் சீகர் பேர்பெற்ற இசையாராய்ச்சியாளர். நன்றி பாராட்டிய அக்குடும்பத்தார் அம்மையாரைத் தம் வீட்டுப் பணிக்கு அமர்த்தினர்.

இங்கேதான் நம் சிந்தனைக்குரிய இடம் வருகின்றது. அவ்வீடு நாட்டுப்பாடல்களைத் திரட்டுவதையே தொழிலாகக் கொண்ட வீடு. ஒலிப்பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு, பாமரமக்களின் பாட்டுக்களுக்குச் சுரம் எழுதியோர் அங்கு வாழ்ந்தனர். அவர்கள் தேடிய இசையோ அவர்களுடைய அடுக்களையில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தது! சுவரில் தொங்கிய கிற்றாரை அம்மையார் ஒருநாள் எடுத்து வாசிக்க, முன்னர் வழிதப்பிய அதே சிறுமி பெகி அதனைக் கேட்ட பின்னரே வீட்டார் உண்மையை உணர்ந்தனர். அவர்கள் நல்லவர்கள், பணியாளரை மதித்தவர்கள். நல்லோர்க்கே இது நேருமாயின் ஏனையோரைப் பற்றி என் சொல்வது?

பெகியின் தமையனார் மைக் சீகர் அம்மையாரின் வாசிப்பைப் பதிவுசெய்ய, 1958இல் அவரது முதல் இசைத்தட்டு வெளிவந்தது. அதற்கு முன்னரே அப்பாட்டு இங்கிலாந்து சென்று, வேறிருவர் பெயரில் உரிமை பதியப்பெற்று, 1957இல் அங்குப் புகழ்பெற்றுவிட்டது. ஆக்கியோரென அம்மையார் ஏற்றுக்கொள்ளப்படுதற்கு வழக்காட வேண்டியிருந்தது. பெயரில்லா மக்களின் கலையை உடையவரில்லாப் பொருளெனக் கருதும் வழக்கம் எத்துணைக் கொடியது என்பதற்கு இதுவே போதும்.

அறுபது வயதைக் கடந்த பின்னரே அம்மையார் மேடையேறினார். 1985இல், தொண்ணூறு வயதளவில், கிராமி விருது பெற்றார். 1987இல் மறைந்தார். 2022இல் ரொக் இசைப் பேரவை மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

உண்மைத் திறமை எப்படியும் வெளிப்பட்டே தீரும் எனச் சிலர் கூறுவர். நாம் அதனை ஒப்புக்கொள்ளோம். அன்று கடையில் ஒரு குழந்தை வழிதப்பாதிருந்தால் இவ்விசையை உலகம் கேட்டிராது. அவ்வாறு கேளாது போன இசை எத்துணையோ! வேறு சிலர், பள்ளி செல்லாமையே அவரைக் கலைஞராக்கியது என்பர். அதுவும் பொருந்தாது. வறுமையைப் புகழ்தல் வறியோர்க்குச் செய்யும் உதவியாகாது. கல்வி அவருக்கும் உரியதே. ஆனால், இடக்கையாற் பிடித்த வாத்தியத்தைக் கண்டவுடன் பறித்துத் திருப்பிக் கொடாமல், அது எழுப்பும் ஓசையைச் சற்றே கேட்கும் ஆசிரியர் வாய்க்கும் கல்வியே அவருக்குரியது.

மாணவர்காள்! நுங்கள் கல்லூரியில் மணியடிப்பவரும் முற்றம் பெருக்குபவரும், வீட்டில் உமக்கு உணவு சமைப்பவரும் பாடத்தெரிந்தவராயிருக்கலாம், கதை அறிந்தவராயிருக்கலாம். அவரை ஒருநாளேனும் கேட்டதுண்டா? விழா மேடையில் ஏறுவோரைப் பாராட்டுதல் எளிது. மேடைக்கு அப்பால் நிற்பவர்பால் செவியைத் திருப்புதலே கற்றதன் பயன் என்பது எம் துணிபு.