மகன் வெளியூரில், வண்டி தகப்பனார் பெயரில்!

பெங்களூருவில் கல்லூரி இடம் கிடைத்ததும், பெட்டி படுக்கையோடு இன்னொன்றும் வீட்டைவிட்டுக் கிளம்புகிறது. அதுதான் வீட்டு மோட்டார் சைக்கிள்!

ரெயில்வே பார்சல் ஆபீசுக்குப் போனால் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். டாங்கியில் உள்ள பெட்ரோலை வடித்துவிட்டு, வண்டியைச் சாக்கால் சுற்றிக் கட்டி, மகன் படிக்கும் ஊருக்கு அனுப்புகிறார்கள். ஆர்.சி. நகலும் இன்ஷூரன்ஸ் நகலும் கேட்கிறார்கள். இரண்டையும் காட்டியாகிவிட்டது, இனிக் கவலை இல்லை என்று தகப்பனார் வீடு திரும்புகிறார்.

அவர் மனத்தில் ஏதாவது சந்தேகம் இருந்தால், அது எல்லையைப் பற்றியதாக இருக்கும். "தமிழ்நாட்டு இன்ஷூரன்ஸ் கர்நாடகத்தில் செல்லுமா?" என்பார்.

தாராளமாகச் செல்லும்! ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளி வந்ததும் பாலிசி காலாவதி ஆகிவிடுவதில்லை. அது இந்தியா முழுவதற்கும் பொருந்தும். பிரிமியமும் உடனே ஏறிவிடாது. வண்டியின் சொந்தச் சேதத்துக்குப் பணம் கட்டுவதில் சென்னை, பெங்களூரு, மும்பை உள்ளிட்ட 8 பெரிய நகரங்கள் ஒரு பிரிவு. மற்ற ஊர்கள் இன்னொரு பிரிவு. எந்தப் பிரிவு என்பது வண்டி பதிவான ஊரைப் பொறுத்தது. மதுரை நம்பர் வண்டிக்கு மதுரைக் கணக்குத்தான்.

ஆனால், நம்பருக்கு ஒரு கெடு உண்டு. 1988-ம் வருடத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவுப்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்தால், அங்கே புதிய நம்பர் வாங்க வேண்டும். படிப்போ 4 வருடம்! பழைய ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று வாங்கி, புதிய ஊரில் வரி கட்டி, அப்புறம்தான் நம்பர். 2021-ல் வந்த 'பி.எச்.' நம்பருக்கு இந்தத் தொல்லை கிடையாது. அது சர்க்கார் ஊழியர்களுக்கும், பல மாநிலங்களில் ஆபீசு உள்ள கம்பெனிச் சிப்பந்திகளுக்கும் கிடைக்கும். மாணவன் என்பதற்காகக் கிடைக்காது.

இதெல்லாம் பணச் செலவு. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது.

ரூ.15 லட்சம் யாருக்கு?

2018 முதல், வண்டிச் சொந்தக்காரருக்கு ரூ.15 லட்சம் விபத்துப் பாதுகாப்பு கட்டாயம் ஆகியிருக்கிறது. அந்தத் தொகையை நம்பித்தான் பல தகப்பனார்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

பாலிசியைப் பிரித்து, சின்ன எழுத்தில் இருப்பதைப் படித்துப் பார்க்க வேண்டும். 'சொந்தக்காரர்-ஓட்டுநர்' என்று போட்டிருக்கும். ஆர்.சி.யில் யார் பெயர் உள்ளதோ, பாலிசி யார் பெயரில் உள்ளதோ, அவர் ஓட்டும்போதுதான் அந்தப் பாதுகாப்பு. ஓட்டுகிறவன் மகன், பெயர் அப்பாவுடையது. மதுரையில் வீட்டில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு ரூ.15 லட்சம் பாதுகாப்பு; பெங்களூரு நெரிசலில் ஓட்டும் பையனுக்கு அந்த வாசகத்தின்படி ஒன்றும் இல்லை!

"மூன்றாம் மனிதர் இன்ஷூரன்ஸ் இருக்கிறதே?" என்று கேட்கலாம். அது வண்டி மோதியவருக்கு. ராஜஸ்தானிலிருந்து வந்த ஒரு வழக்கில் 2020 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு இதைத் தெளிவாக்கியது. இரவல் வண்டி ஓட்டிச் சென்றவர் இன்னொரு மோட்டார் சைக்கிள் மோதி இறந்தார். குடும்பத்தார் இரவல் வண்டியின் இன்ஷூரன்ஸ் கம்பெனி மீது வழக்குப் போட்டார்கள். 'இரவல் வாங்கியவர் சொந்தக்காரரின் இடத்தில் நிற்கிறார். அவர் மூன்றாம் மனிதர் அல்ல' என்றது கோர்ட்டு. பாலிசியின் சொந்தக்காரர் பகுதியில் இருந்த ரூ.1 லட்சம் மட்டும் கிடைத்தது. எதிர் வண்டியின் மீது வழக்குப் போட்டிருக்க வேண்டும்!

இந்தத் தீர்ப்பை வைத்து இன்று ரூ.15 லட்சத்துக்கு வாதாட இடமுண்டு. ஆனால், பிள்ளையைப் பறிகொடுத்த வீடு சுப்ரீம் கோர்ட்டு வரை படியேற வேண்டும். எத்தனை குடும்பங்களால் முடியும்?

பின்னால் உட்காருகிற நண்பன்

ஹாஸ்டல் வண்டியில் ஒருவன் மட்டும் போவது அபூர்வம். இங்கே இன்னொரு கண்ணி இருக்கிறது.

கோவை எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012-ல் தொடர்ந்த பொதுநல வழக்கில், சுப்ரீம் கோர்ட்டு 2018 ஜூலையில் ஓர் உத்தரவு போட்டது. புதிய இருசக்கர வண்டிகளுக்கு 5 வருடத்துக்கும், கார்களுக்கு 3 வருடத்துக்கும் மூன்றாம் மனிதர் இன்ஷூரன்சைச் சேர்த்தே விற்க வேண்டும் என்பது அது. 2018 செப்டம்பர் முதல் அமலுக்கு வந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால், அதனால் ஒரு மயக்கமும் வந்துவிட்டது. "5 வருடத்துக்குக் கட்டியாச்சு" என்று பலர் அடுத்த வருடம் பாலிசியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. சொந்தச் சேதப் பகுதி பெரும்பாலும் ஒரே வருடத்தில் முடிந்துவிடும். மிஞ்சுவது வெறும் சட்டப் பாலிசி.

வெறும் சட்டப் பாலிசி, மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வருகிறவருக்குப் பொருந்தாது என்று 2006-லேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. மகனின் தவறால் நண்பனுக்கு ஏதாவது நேர்ந்தால், நஷ்டஈடு கேட்டு வரும் நோட்டீசு மதுரைத் தகப்பனார் வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

லைசென்சு இல்லாத நண்பனிடம் சாவியைக் கொடுத்தால் இன்னும் மோசம். அடிபட்டவருக்கு முதலில் கம்பெனி பணம் கொடுத்தாலும், பிறகு சொந்தக்காரரிடம் அதைத் திருப்பி வசூல் செய்யலாம். பிளஸ்-2 முடித்த பையனுக்குப் பல சமயம் 17 வயதுதான் ஆகிறது. 18 நிரம்பாதவன் ஓட்டிப் பிடிபட்டால், 2019-ம் வருடத் திருத்தப்படி பெற்றோருக்கு 3 வருடம் வரை ஜெயில், ரூ.25 ஆயிரம் அபராதம். வண்டிப் பதிவும் 12 மாதத்துக்கு ரத்து!

என்ன செய்யலாம்?

பையனுக்கு 18 நிரம்பி, லைசென்சும் வந்துவிட்டால், வண்டியை அவன் பெயருக்கே மாற்றிவிடுவது நல்லது. பாலிசியும் அவன் பெயருக்கு வந்தால், ரூ.15 லட்சம் பாதுகாப்பு ஓட்டுகிறவனுக்கே சேரும். நோட்டீசு வந்தாலும் அவன் பெயருக்கு வரும். எப்படியும் அடுத்த மாநிலத்தில் புது நம்பர் வாங்க வேண்டியிருக்கிறது. பெயர் மாற்றத்தையும் அப்போதே முடித்துவிடலாம். வண்டிக் கடன் பாக்கி இருந்தால் பாங்கியின் சம்மதம் வேண்டும்.

அப்பா பெயரிலேயே இருக்கட்டும் என்றால், பையன் பெயரில் தனியாக ஒரு விபத்துப் பாலிசி எடுக்கலாம். அது எந்த வண்டியில் போனாலும், நடந்து போனாலும்கூட உதவும். மோட்டார் பாலிசியை வருடாவருடம் முழுமையாகப் புதுப்பித்து, பின்னிருக்கைக்காரருக்குப் பொருந்துமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

பெயர் மாற்றுகிறவர்கள் 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிவிட வேண்டும். மூன்றாம் மனிதர் பகுதி சட்டப்படி தானாகவே புதியவர் பெயருக்கு வந்துவிடும். சொந்தச் சேதமும் விபத்துப் பாதுகாப்பும் அப்படித் தானாக வருவதில்லை.