ஃபார்மட் பண்ணச் சொல்ற புண்ணியவான்கள் கவனத்துக்கு

மக்களே, ஒரு வாரமா வயித்தெரிச்சல். இறக்கி வச்சாத்தான் தூக்கம் வரும்.

எங்க ஏற்காட்டுத் தெருத் தம்பி ஒருத்தன், அவங்க அக்காவோட பழைய அரசு லேப்டாப்பைத்தான் ஓட்டிக்கிட்டிருக்கான். 2011-ல ஆரம்பிச்ச திட்டத்துல வந்தது. அப்போ விண்டோஸ் கூடவே சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. பாஸ், டெபியன் வழி வந்தது. இப்ப பையன் நேரா டெபியனே போட்டிருக்கான்.

போன வாரம் ஓடி வந்தான். "அண்ணா, எப்பவோ தூக்கின மென்பொருளெல்லாம் பட்டியல்ல இன்னும் பேரோட நிக்குது. கீழ கடையில கேட்டேன். சிஸ்டம் கெட்டுப்போச்சு, ஃபார்மட் பண்ணணும்னாங்க."

கெடவே இல்லைங்க! டெபியன் குடும்பத்துல (உபுண்டு, மிண்ட் எல்லாம் சேத்திதான்) 'ரிமூவ்'னு சொன்னா நிரலை மட்டும்தான் எடுக்கும். 'இடிசி' அடைவுல இருக்கற அமைப்புக் கோப்புகளை விட்டுவைக்கும். வேணும்னேதான். நாளைக்குத் திரும்ப நிறுவினா பழைய செட்டிங் கிடைக்கணுமில்ல? இங்க காப்பித் தோட்டத்துல வயசான செடியை வெட்டிட்டு, துளிர்க்கட்டும்னு அடிக்கட்டையை விட்டுவைப்பாங்க. அதைப் பாத்துத் தோட்டமே செத்துப்போச்சுன்னா சிரிக்க மாட்டாங்க?

அந்தக் கட்டையைத்தான் டிபிகேஜி பட்டியல் 'ஆர்சி'ன்னு காட்டுது. 'ஆர்'னா நீக்கச் சொல்லியாச்சு. 'சி'னா கான்ஃபிக் கோப்பு மட்டும் மிச்சம். ஒழுங்கா நிறுவியிருந்தா 'ஐஐ'. வேரோட பிடுங்கணும்னா 'ரிமூவ்' இல்ல, 'பர்ஜ்'. துணைக்கு வந்து இப்ப யாருக்கும் வேண்டாம நிக்கற பொதிகளுக்கு 'ஆட்டோரிமூவ்'. அவ்ளோதான் மேட்டரு.

"ஃபார்மட் பண்ணா ஒரு மணி நேரத்துல முடியும், இதையெல்லாம் எவன் படிப்பான்"னு கேப்பீங்க. ஃபார்மட் பண்ணிட்டு, முதல் மென்பொருளை ரிமூவ் பண்ணுங்க. அதே 'ஆர்சி' வந்து நிக்கும்! இல்லாத நோய்க்கு மருந்து எப்படிங்க வேலை செய்யும்? நடுவுல போறது அவனோட ப்ராஜக்ட். மழை பெய்ஞ்சா நெட் படுத்துக்கற மலையில, ஜிபி கணக்குல ஐஎஸ்ஓ இறக்கற காசும் அவன்தான் கட்டணும்.

இன்னொரு கோஷ்டி இருக்கு. ஒரே வரிக் கட்டளையைக் குடுத்து, 'ஆர்சி' மொத்தத்தையும் கண்ணை மூடிட்டு பர்ஜ் பண்ணச் சொல்றவங்க. அதுவும் தப்புதான். சில டேட்டாபேஸ் சர்வர் பொதிகளை பர்ஜ் பண்ணா, தரவையும் அழிக்கட்டுமான்னு கேக்கும். அவசரத்துல 'யெஸ்' அடிச்சா கோவிந்தா! டிபிகேஜியோட ஸ்டேட்டஸ் கோப்பைக் கையால திருத்தச் சொல்ற மகானுபாவர்களுக்குத் தனிக் கும்பிடு. பொட்டியோட ஜாதகமே அதுதான் சாமி.

நாங்க என்ன பண்ணினோம்? பட்டியல்ல 14 பேர். ஒவ்வொண்ணா படிச்சு 13-ஐ பர்ஜ் பண்ணினோம். அவனே உக்காந்து எழுதின வெப் சர்வர் அமைப்பு ஒண்ணை விட்டுவச்சோம். பத்து நிமிஷம். மிச்சமிருந்த கோப்பெல்லாம் சில கேபிதான்.

என் கோவம் அந்தக் கேபிக்காக இல்ல. பொட்டி சொல்றதைப் படிச்சுப் புரிஞ்சுக்கலாம்ங்கறதுதானே லினக்ஸ்? அதைப் படிக்கத் தொடங்கின பையன்கிட்ட, "உனக்குப் புரியாது, அழிச்சிடு"ன்னு சொல்றோமே, அதுக்குத்தான். அடுத்த முறை யாராவது கேட்டா, ஃபார்மட்னு வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி அந்த ரெண்டு எழுத்தைப் படிக்கச் சொல்லுங்க மக்கா.

டிஸ்கி: வீட்டு அடைவுல புள்ளி வச்ச பேரோட ஒளிஞ்சிருக்கற உங்க சொந்த செட்டிங்கை பர்ஜ் தொடாது. அதுக்கும் ஃபார்மட்னு ஆரம்பிச்சிடாதீங்க!