மடித்த இலைக்குள் நுழையும் காவலன்



நெல் வயலைத் தொலைவிலிருந்து நோக்குவோருக்கு அது பசுமையும் அமைதியும் நிறைந்த இடமாகத் தோன்றும். வரப்பில் குனிந்து, தூர்களை விலக்கிப் பார்ப்பவரோ, அங்கே இரவும் பகலும் ஓயாத வேட்டை நடைபெறுவதை அறிவார். அவ்வேட்டையில் உழவரின் பக்கம் நிற்கும் சிறு வண்டு ஒன்றைப் பற்றி இம்மாதம் அறிந்துகொள்வோம்.

தரை வண்டுகளின் குடும்பம் மிகப் பெரியது. உலகெங்கும் 30,000-க்கும் மேற்பட்ட இனங்கள் அதில் கண்டறியப்பட்டுள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை கல்லுக்கும் சருகுக்கும் அடியில் பகலைக் கழித்து, இரவில் தரையில் ஓடி இரை தேடுபவை. ஆனால் ஓபியோனியா என்னும் பிரிவைச் சேர்ந்த வண்டுகள் தரையோடு நின்றுவிடுவதில்லை. நெற்பயிரின் மீது ஏறி, தாள் தாளாகத் தேடி வேட்டையாடுகின்றன. இந்தியா முதல் பிலிப்பைன்ஸ் வரை, ஆசியாவில் நெல் விளையும் நாடுகள் பலவற்றில் இவற்றைக் காணலாம்.

இவ்வண்டின் நீளம் ஏறத்தாழ ஒரு நெல்மணியின் நீளமே. ஒடுங்கிய, பளபளப்பான செம்பழுப்பு உடல், கரிய தலை, தலைக்குப் பின்னால் கழுத்துப்போல் மெலிந்த பகுதி, முதுகை மூடிய கடினமான சிறகுறையில் கருநீலப் பட்டை. விரைந்து ஓடுவதால் பெரிய எறும்பு என்றே பலர் எண்ணிவிடுவர்.

இதன் முதன்மையான இரை, உழவர் யாவரும் அறிந்த இலைச்சுருட்டுப் புழு. அப்புழு நெல் இலையை நீளவாக்கில் மடித்து, தன் வாயினின்று சுரக்கும் பட்டு நூலால் விளிம்புகளை இணைத்து, ஒரு கூடு அமைத்துக்கொள்கிறது. உள்ளே இருந்தபடியே இலையின் பச்சையத்தைச் சுரண்டி உண்ணுகிறது. வெளியே நமக்குத் தெரிவது வெளிறிய வெண்கோடுகள் மட்டுமே. இக்கூட்டின் உள்ளே மழையும் வெயிலும் எளிதில் புகுவதில்லை. நாம் தெளிக்கும் மருந்துங்கூட முழுமையாகச் சென்று சேர்வதில்லை.

நம் வண்டோ அந்தக் கூட்டுக்குள்ளேயே நுழைகிறது! ஒடுங்கிய உடலும் மெலிந்த கழுத்தும் அதற்கு ஏற்றவாறு அமைந்துள்ளன. வளர்ந்த வண்டு மட்டுமன்று, அதன் இளம் புழுவும் இவ்வாறே மடிந்த இலைகளுக்குள் புகுந்து வேட்டையாடுகிறது. ஒன்று ஒரு நாளைக்கு 3 முதல் 5 இலைச்சுருட்டுப் புழுக்களைத் தின்றுவிடும். வளர்ந்த வண்டுகள் தத்துப்பூச்சிகளையும் தேடிப் பிடித்து உண்ணும். இளம் புழு வளர்ச்சி முடிந்ததும் பயிரைவிட்டு இறங்கி, பாசன வயல்களில் வரப்பு மண்ணுக்குள் சென்று கூட்டுப்புழுவாகிறது. ஆகவே வரப்பு, நமக்கு நடைபாதை, அதற்கோ தொட்டில்.

இனி, நாம் செய்வது என்ன? நட்ட சில வாரங்களிலேயே வெண்கோடுகளைக் கண்டு அஞ்சி, கடன் பட்டாவது மருந்து வாங்கித் தெளித்துவிடுகிறோம். கூட்டுக்குள் இருக்கும் திருடன் பெரும்பாலும் தப்புகிறான். பயிரின் மேல் ஓடித் திரியும் காவலனோ முதலில் மடிகிறான். இலைச்சுருட்டுப் புழுவின் நிலை இதுவென்றால், புகையானின் நிலை இன்னும் கொடியது. புகையான் தன் முட்டைகளை இலையுறையின் திசுவுக்குள்ளே செருகி வைக்கிறது. மருந்து அவற்றைத் தீண்டாது. சில நாட்களில் அவை பொரித்து வெளிவரும்போது, அவற்றை உண்ண வேண்டிய வண்டுகளும் சிலந்திகளும் வயலில் இரா. எதிர்ப்பாரின்றி அவை பெருகுகின்றன.

இது வெறும் அனுமானம் அன்று. இந்தோனேசியா 1984-ஆம் ஆண்டில் அரிசியில் தன்னிறைவு அடைந்தது. அரசே மானியம் அளித்துப் பூச்சிமருந்துகளைப் பரப்பிய காலம் அது. ஆயினும் 1985, 1986 ஆகிய ஆண்டுகளில் சாவகத் தீவின் வயல்களைப் புகையான் பாழ்படுத்தியது. காரணத்தை ஆராய்ந்தறிந்த அரசு, 1986 நவம்பரில் 57 வகை மருந்துகளை நெல்லுக்குப் பயன்படுத்தலாகாது என ஆணையிட்டது. மானியத்தையும் படிப்படியாக நிறுத்தியது. மருந்தின் பயன்பாடு வெகுவாகக் குறைந்தது. அரிசி விளைச்சலோ குறையவில்லை.

வியட்நாமின் மேக்கோங் ஆற்றுப் பகுதியில், 1994-ஆம் ஆண்டு, உழவர்களிடம் வேறொரு வேண்டுகோள் வைக்கப்பட்டது. விதைத்த முதல் 40 நாட்களுக்கு இலையைத் தின்னும் புழுக்களுக்கென மருந்து தெளிக்காமல், வயலின் ஒரு பகுதியில் நீங்களே சோதித்துப் பாருங்கள் என்பதே அது. இளம்பயிர் இழந்த இலைகளைப் புதிய இலைகளாலும் தூர்களாலும் ஈடுசெய்துகொள்ளும் என்பதை அவர்கள் தம் கண்ணாலேயே கண்டனர். அடுத்த சில ஆண்டுகளில் அங்கே மருந்து தெளிக்கும் முறை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

அப்படியானால் மருந்தே தேவையில்லையா என்று கேட்கலாம். தேவைப்படும் வேளை உண்டு. அதற்கோர் எல்லையும் உண்டு. வளர்ச்சிப் பருவத்தில் 10 சதவீத இலைகளும், பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலைகளில் 5 சதவீதமும் சேதமுற்றால்தான் இலைச்சுருட்டுப் புழுவுக்கு மருந்து என்பது தமிழகத்து வேளாண் வல்லுநர் வகுத்துள்ள அளவு. அந்த எல்லையை அறிய வேண்டுமாயின், கடைக்காரரைக் கேட்பதற்கு முன் வயலைக் கேட்க வேண்டும்.

ஆகவே, அடுத்த முறை வயலுக்குச் செல்லும்போது பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். வெண்கோடு விழுந்த, மடிந்த இலைகள் பத்தினை மெல்லப் பிரித்துப் பாருங்கள். உள்ளே வெளிர்பச்சை நிறப் புழு நெளிந்தால், அது நம் பயிரைத் தின்பது. பளபளக்கும் கருநிறப் புழு ஒன்று கால்களால் விரைந்து ஓடினால், அதை நசுக்கிவிடாதீர்கள். அது நம் வண்டின் பிள்ளை. பிரித்த இலைகளுள் எத்தனை ஏற்கெனவே வெறுமையாகிவிட்டன என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள். வரப்பின் புல்லை அடியோடு எரித்துவிடாமல் ஓரளவு விட்டுவையுங்கள்.

கூலி கேளாத இக்காவலன், மருந்துக் கடையில் விலைக்குக் கிடைப்பதில்லை. வயலில் இருக்கும்போதே அவனைக் காத்துக்கொள்வதுதான் நம்மால் இயன்றது.