மத்து இருக்கிறதா, போதும்



“பாப்பாவுக்கு ஆறு மாதம் முடியப்போகிறது. சாப்பாடு அரைத்துக் கொடுக்க எந்த மிஷின் வாங்கலாம்?” இளம் தாய்மார்களின் கடிதங்களில் அடிக்கடி வரும் கேள்வி இது. வேகவைத்து அரைத்தும் தருகிற கருவிகளைக் கடையில் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். இட்லிப் பானை, குக்கர், பருப்பு கடையும் மத்து, ஒரு துருவி, புதிதாக ஒரு டீ வடிகட்டி. இவ்வளவும் இருந்தால் வேறெதுவும் வாங்க வேண்டாம் என்பதுதான் என் பதில்.

சிக்கனத்துக்காக மட்டும் சொல்லவில்லை. மிக்ஸி எதைப் போட்டாலும் மழமழவென்று அரைத்துவிடும். முதல் சில வாரங்களுக்கு அது சரி. எட்டாம் மாதமும் அப்படியே ஊட்டினால் குழந்தை மெல்லப் பழகுவது எப்போது? பிரிட்டனின் ஏவன் பகுதியில் 1991, 92-இல் பிறந்த ஆயிரக்கணக்கான குழந்தைகளை நெடுங்காலம் தொடர்ந்து கவனித்தார்கள். ஒன்பது மாதத்துக்குப் பிறகே கட்டி கட்டியான உணவைப் பார்த்த பிள்ளைகள், ஏழு வயதில் காயும் பழமும் குறைவாகச் சாப்பிட்டார்கள். சாப்பாட்டுத் தகராறும் அவர்களிடம் கூடுதலாக இருந்தது.

மத்தில் இந்தத் தொல்லை இல்லை. குக்கரில் வீட்டுச் சோறு வேகும்போதே மேலே ஒரு சின்னக் கிண்ணத்தில் அரிசியும் பாசிப்பருப்பும் வைத்துவிடலாம். ஆறு மாதம் முடிந்ததும் நன்றாகக் கடைந்து வடிகட்டியில் தேய்த்து எடுங்கள். ஏழில் வடிகட்டி வேண்டாம். எட்டு, ஒன்பதில் நாலு சுற்றுச் சுற்றி நிறுத்துங்கள். பிறகு விரலால் மசித்தாலே போதும். பரங்கிக்காய், கேரட், ஆப்பிள் எல்லாம் இட்லித் தட்டில் ஆவியில் வெந்துவிடும். அசைவ வீடுகளில் ஆட்டு ஈரலில் ஒரு சிறு துண்டை நன்றாக வேகவைத்துத் துருவினால் பொடியாக உதிரும். வாரம் ஒரு தடவை அதைச் சோற்றில் பிசைந்து கொடுக்கலாம். பிறக்கும்போது கொண்டுவந்த இரும்புச்சத்து ஆறு மாத அளவில் குறைந்துவிடுவதால், இதற்குத் தனி மதிப்பு உண்டு.

அடுத்ததைச் சொன்னால் பாட்டிமார் கோபித்துக்கொள்ளக் கூடாது. பருப்பைத் தெளியவிட்டு மேலே நிற்கும் தண்ணீரை மட்டும் ஊட்டுவது நம் வீடுகளில் பெரிய வழக்கம். சத்தெல்லாம் அடியில் கிடக்கிற பருப்பில்! குழந்தையின் வயிறு சின்னது. அதைத் தண்ணீரால் நிரப்பினால் சோற்றுக்கு இடமேது? கரண்டியைச் சாய்த்துப் பாருங்கள். வழிந்து ஓடாமல் நின்றால் அதுதான் பதம்.

கஞ்சி மட்டும் கெட்டியானால் குழந்தை துப்பும். அதற்கும் நம்மிடம் வழி உண்டு. கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி முளைக்கவிட்டு, காயவைத்து அரைத்து வைத்துக்கொள்ளுங்கள். முளைக்கும்போது உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைப்பதால், இந்த மாவு சாதாரண மாவைப்போல இறுகாது. அதே நெகிழ்வில் கூடுதல் மாவு சேர்க்கலாம். நன்றாகக் கொதிக்கவைத்த பிறகே ஊட்டுங்கள். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. தொடக்கத்தில் ஊறிய கேழ்வரகை அரைத்து, வெள்ளை வேட்டித் துணியில் பிழிந்து, அந்தப் பாலைப் பளபளக்கும்வரை கிண்டிக் கொடுக்கலாம். அரைக்க மிக்ஸிதான் வேண்டும் என்றால், ஜாரின் அடிப் பிளேடையும் ரப்பர் வளையத்தையும் கழற்றிக் கழுவுங்கள். நேற்றைய மிளகாய்ச் சட்னி அங்கேதான் ஒளிந்திருக்கும்.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான டப்பா உணவு விளம்பரம் நம் இதழில் வராததைக் கவனித்திருப்பீர்கள். 1992-இல் வந்து 2003-இல் திருத்தப்பட்ட சட்டம் அதைத் தடை செய்கிறது. அரைக்கும் மிஷினுக்கு அப்படித் தடையில்லை. அதனால்தான் அந்தக் கேள்விகள் வருகின்றன போலும்.

தவிர்க்க வேண்டியவையும் உண்டு. ஒரு வயது முடியும்வரை தேன் கூடாது. நாக்கில் தொட்டு வைக்கவும் கூடாது. அதிலிருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமி குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கும். உப்பும் சர்க்கரையும் அதுவரை தேவைப்படாது. முழு வேர்க்கடலையும் முழுத் திராட்சையும் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. இரண்டு வயதும் அதற்கு மேலும் தொடரலாம்.

நாகர்கோவில் பக்கம் ஏத்தங்காய் எனும் நேந்திரம் வாழைக்காயைச் சீவிக் காயவைத்து, பொடித்துக் காய்ச்சுகிறார்கள். உங்கள் ஊர்ப் பக்குவம் என்ன? அளவையும், எந்தப் பாத்திரத்தில் செய்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வெல்லமோ கருப்பட்டியோ சேர்கிற பக்குவமானால், ஒரு வயதுக்கு மேல் என்று தலைப்பிலேயே குறித்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்