சம்பளம் ஏறிய கையோடு

பெரும்பாக்கத்திலோ மேடவாக்கத்திலோ ஒரு ஃப்ளாட் பார்த்து, பிடித்துப்போய், வங்கியின் வீட்டுக்கடன் பிரிவில் வந்து உட்காரும் இளைஞர் தன் புதுச் சம்பளத்தைச் சொல்லத் தயாராக இருப்பார். அதிகாரி கேட்பது வேறு. "இப்ப இருக்கிற கம்பெனியில சேர்ந்து எவ்வளவு நாளாச்சு சார்?" மூன்று மாதம் என்று பதில் வந்தால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும். "கன்ஃபர்ம் பண்ணிட்டாங்களா?"

பல விண்ணப்பங்கள் இந்த இரண்டாவது கேள்வியில்தான் நின்றுபோகின்றன. புரபேஷனில் இருப்பவரை நிறுவனம் குறைந்த கால நோட்டீஸில் அனுப்பிவிட முடியும். அவருக்கு 20 வருடக் கடன் தர வங்கி தயங்குவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வேலை மாறியதே குற்றம் என்று எந்த வங்கியும் நினைப்பதில்லை. அதே துறை, நடுவில் இடைவெளி இல்லை, சம்பளமும் ஏறியிருக்கிறது என்றால், பணி உறுதிக் கடிதமும் இரண்டு மூன்று மாதச் சம்பளச் சீட்டும் வந்ததும் கோப்பு நகர்ந்துவிடும். மொத்த அனுபவம் இரண்டு வருடமாவது இருக்க வேண்டும் என்று பல இடங்களில் கேட்பார்கள். விதி வங்கிக்கு வங்கி மாறும். ஓரிடத்தில் இல்லை என்றால் இன்னோர் இடத்தில் விசாரிப்பதில் தவறே இல்லை. ஆனால் ஒரே வாரத்தில் ஐந்து வங்கிகளில் விண்ணப்பம் போட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு விண்ணப்பமும் சிபில் அறிக்கையில் பதிவாகும். மதிப்பெண்ணும் கொஞ்சம் இறங்கும்.

பழைய நிறுவனத்தின் ரிலீவிங் லெட்டரைப் பலர் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் முந்தைய அனுபவத்தைக் காட்டுவதே பெரும்பாடு. பி.எஃப். பணமும் அப்படித்தான். வேலை மாறும்போது அதை உருவிச் செலவழிக்காமல், அதே யு.ஏ.என். எண்ணில் புதுக் கணக்குக்கு மாற்றிக்கொண்டால் பணித் தொடர்ச்சிக்கு அதுவே சாட்சி. வீடு வாங்க அதிலிருந்து ஒரு பகுதியை எடுக்கவும் விதி இடம் தருகிறது.

ஒரு காலத்தில் மாதச் சம்பளக்காரர் வீடு கட்டுவது பணி ஓய்வுக்குப் பிறகுதான், பி.எஃப்., கிராஜுவிட்டி கைக்கு வந்த பிறகு. உழைக்கும் வயதிலேயே அவருக்கு வீடு வேண்டும் என்று நினைத்தவர் ஹஸ்முக் பரேக். ஐ.சி.ஐ.சி.ஐ.யில் பெரிய பொறுப்பு வகித்து ஓய்வு பெற்ற அவர், 1977-ல் தன் 66-வது வயதில் வீட்டுக்கடனுக்கென்றே எச்.டி.எஃப்.சி.யைத் தொடங்கினார். இன்று 27 வயதுப் பெண் தன் பெயரில் ஃப்ளாட் வாங்க முடிகிறதென்றால் அதில் அந்த மனிதருக்குப் பெரும் பங்கு உண்டு. முதல் வீட்டுக்கு ஆசைப்படுகிறவர்களை அவசரக்காரர்கள் என்று பெரியவர்கள் கடிந்துகொள்வது சரியல்ல. ஆசை நியாயமானது. கணக்கைத்தான் சரியாகப் போட வேண்டும்.

கணக்கு இதுதான். மறுவிற்பனைக்கு வரும் ஒரு ஃப்ளாட்டின் விலை 60 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம், 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம். ஆக, இந்த வீட்டுக்கு அதிகபட்சம் 48 லட்சம் கிடைக்கும். மீதி 12 லட்சம் கைப்பணம். பலர் இத்தோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். சேர்ந்து 5 லட்சத்து 40 ஆயிரம். இதை வீட்டின் மதிப்போடு சேர்த்துக் கடன் கேட்க முடியாது. வக்கீல், பரிசீலனைக் கட்டணம், புரோக்கர் கமிஷன் எல்லாம் சேர்ந்தால் 18 லட்சத்துக்குக் குறையாமல் கையில் வேண்டும். புதுச் சம்பளம் எவ்வளவு பெரிதானாலும் மூன்று மாதத்தில் இதைச் சேர்த்துவிட முடியாது.

இங்கேதான் சிலர் பர்சனல் லோனை நாடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வட்டி அதிகம் என்பது ஒரு பக்கம். ஏற்கெனவே கட்டும் தவணைகளைக் கழித்த பிறகுதான் வீட்டுக்கடன் தகுதியையே வங்கி கணக்கிடும். கைக்கு வரும் சம்பளம் 80 ஆயிரம், அதில் பாதிவரை தவணைக்கு ஒதுக்கலாம் என்று வங்கி ஏற்றுக்கொண்டால், 8 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு ஏறக்குறைய 48 லட்சம் கடன் தேறும். அதே ஆளுக்கு மாதம் 12 ஆயிரம் கார் தவணை இருந்தால் 33 லட்சத்துச் சொச்சம்தான். வேலை மாறிய சந்தோஷத்தில் எடுத்த கார், வீட்டுக்கடனில் 14 லட்சத்தைக் குறைத்துவிடுகிறது. வீடும் காரும் மனதில் இருந்தால் வீடு முதலில் வரட்டும்.

இன்னொரு தவறு, எல்லாவற்றிலும் பெரியது. கடன் ஒப்புதல் கடிதம் வருவதற்கு முன் விற்பவரிடம் அக்ரிமென்ட் போட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுவது. 'வேற பார்ட்டி ரெடியா இருக்காங்க' என்ற ஒரு வார்த்தையில் ஐந்து லட்சத்தைக் கொடுத்துவிட்டு, மூன்று மாதக் கெடுவுக்குள் கடன் கிடைக்காமல் அந்தப் பணத்துக்காக அலைகிற குடும்பங்கள் இருக்கின்றன. வங்கிக் கடன் மறுக்கப்பட்டால் முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும் என்ற வரியை அக்ரிமென்டில் எழுதச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் தேவையில்லை. ஒப்புதல் வந்த பிறகும் தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி எல்லாவற்றையும் வங்கியின் வக்கீல் பார்த்துச் சரி என்றால்தான் காசோலை வரும். அந்த இடைவெளியில் மறுபடி வேலை மாறினால் அதை வங்கியிடம் சொல்லியாக வேண்டும். கோப்பு மீண்டும் முதலிலிருந்து பார்க்கப்படலாம்.

பணி உறுதியாகி, கைப்பணமும் சேர்ந்த பிறகு, எத்தனை வருடத்துக்கு வாங்குவது என்ற கேள்வி எழும். 48 லட்சத்துக்கு 8 சதவீதத்தில் 20 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 40,150 ரூபாய். 30 வருடம் என்றால் 35,220. முப்பது வருடமும் அப்படியே கட்டினால் வட்டி மட்டும் 30 லட்சம் கூடுதலாகப் போகும். ஆனாலும் புது வேலையின் முதல் ஓரிரு வருடத்துக்கு நீண்ட தவணைக் காலமே பாதுகாப்பு. மாதம் மிச்சமாகும் ஐந்தாயிரத்தை, வேலை போனாலும் ஓரிரு மாதத் தவணையைத் தாங்குகிற கையிருப்பாகச் சேர்த்துக்கொள்ளலாம். வேலை நிலைத்து, சம்பளம் ஏறியதும் கூடுதலாகக் கட்டி அசலைக் குறைத்துவிடலாம். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டியே அடைத்தால் அதற்குக் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2012-லேயே உத்தரவிட்டிருக்கிறது.