இருவர் பெயரையும் எழுதுங்கள்



பினாங்கு கெலுகோரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவர் லாரி ஓட்டுகிறார், இவருக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை. மாமியார் வீட்டில், தாமான் துன் சார்டோன் பக்கத்து அடுக்குமாடியில், ஆறு பேரோடு குடித்தனம். மாநில அரசின் மலிவு விலை வீட்டுக்கு மனு எழுத உட்கார்ந்தபோது கணவர் சொன்னாராம்: "உன் சம்பளத்தையும் காட்டினா வரம்பு தாண்டிடும். நீ வேலைக்குப் போகலன்னு போட்டுடலாம்." கடிதத்தின் கடைசி வரி, "அப்படிப் போடலாமா, அம்மா?"

போடக் கூடாது, தாயே. உங்களுக்கு மட்டுமல்ல, இதே யோசனையில் இருக்கும் எல்லாத் தம்பதியருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

வீட்டு மனுவில் கணவன் மனைவி இருவரின் வருமானத்தையும் கூட்டித்தான் குடும்ப வருமானம் என்று பார்க்கிறார்கள். நீங்கள் மறைத்தாலும் ஊழியர் சேமநிதி மறைக்காது. மாதாமாதம் முதலாளி கட்டும் தொகை உங்கள் பெயரில் ஏறிக்கொண்டே இருக்கிறது. சத்தியப் பிரமாணம் செய்த தாளில் பொய் இருந்தால் அது குற்றம். வரம்பைத் தாண்டினால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பதும் சரியல்ல. பினாங்கில் மலிவு விலை வீடு ஒரு வகை, நடுத்தர மலிவு விலை வீடு இன்னொரு வகை, அதற்கு மேல் கட்டுப்படி விலை வீடுகள் என்று தனியாக இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வருமான வரம்பு வேறு. இரண்டு சம்பளம் சேர்ந்து முதல் வகையைத் தாண்டினால், அடுத்த வகைக்கு நீங்கள் தகுதி பெறக்கூடும். வங்கிக் கடன் கேட்கும்போது அதே இரண்டாவது சம்பளம்தான் உங்களைக் காப்பாற்றும். வீடு ஒதுக்கப்பட்ட பிறகும் கடன் கிடைக்காமல் கைவிட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்!

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. மனுவில் வேலையில்லாதவளாக எழுதப்பட்ட பெண், அதற்குப் பின்னால் வரும் ஒவ்வொரு தாளிலும் இல்லாமல் போய்விடுகிறாள். ஒதுக்கீட்டுக் கடிதம் கணவர் பெயரில் வருகிறது, விற்பனை ஒப்பந்தமும் கடனும் அவர் பெயரிலேயே. ஆனால் மாதத் தவணையில் பாதி இவளுடைய ஓவர்டைம் காசு.

நாளைக்கு அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? நல்ல நாளில் இதைப் பேசுவானேன் என்று வீட்டில் அதட்டுவார்கள். இங்கே நாமாவது பேசுவோம். உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்தை, முஸ்லிம் அல்லாதவர்களுக்கு, 1958ஆம் ஆண்டின் பகிர்வுச் சட்டம் பிரிக்கிறது. மனைவி, பிள்ளைகள், இறந்தவரின் பெற்றோர் மூன்று தரப்பும் இருந்தால் மனைவிக்குக் கால், பிள்ளைகளுக்கு அரை, பெற்றோருக்குக் கால். பெற்றோர் இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு. நம்மிடையே உள்ள தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு ஃபராயிட் எனும் இஸ்லாமிய வாரிசுக் கணக்கு. எந்தக் கணக்கானாலும், வீடு முழுக்க அவர் பெயரில் இருந்தால் முழு வீடும் பங்குக்குப் போகலாம். இருவர் பெயரிலும் சரிபாதியாக இருந்தால் உங்கள் பாதி உங்களுடையதே, அவருடைய பாதி மட்டும்தான் பிரியும். மாமியாரோடு ஒரு சமையலறையில் நல்லபடியாக வாழ்ந்த மருமகள், நில அலுவலகத்தில் அவருக்கு எதிரே உட்கார வேண்டிய நிலை வரவே கூடாது என்று நான் மனதார விரும்புகிறேன்.

பெயரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்பார்கள். அது புதிதாக ஒரு பெயர் மாற்றம். மலிவு விலை வீடாக இருந்தால் மாநில அரசின் ஒப்புதல் வேண்டும், வழக்கறிஞருக்குச் செலவழிக்க வேண்டும். 2014இல் பினாங்கு அரசு மலிவு விலை வீடுகளைப் பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது என்று விதித்தது. முதல் தாளில் எழுதியதோடு நெடுங்காலம் வாழப் போகிறீர்கள். ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருந்தால் இருவரும் அவரவர் சேமநிதியின் வீட்டுப் பணத்தை எடுக்கலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கெலுகோர் மக்களுக்குக் காகிதத்தின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கம்போங் புவா பாலா அங்கேதான் இருந்தது. பிரவுன் தோட்டத்தில் உழைத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மாடு வளர்த்து, பொங்கல் வைத்து, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இடம். அவர்கள் கையில் இருந்ததோ தற்காலிகக் குடியிருப்பு உரிமம். நிலத்தின் கிராண்டு, அதாவது உரிமைப் பத்திரம், வேறு பெயருக்குப் போய்விட்டது. வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை சென்றும் நிற்கவில்லை. 2009 செப்டம்பரில் வீடுகள் இடிந்தன. பின்னர் குடும்பங்களுக்கு மாற்றாக இரட்டை மாடி வீடுகள் கிடைத்தன என்பது உண்மை. ஆனால் எத்தனை ஆண்டு வாழ்ந்தோம் என்பதை நீதிமன்றம் எடை போடவில்லை, தாளில் யார் பெயர் என்றுதான் பார்த்தது. ஒரு ஊருக்கு நடந்தது ஒரு வீட்டுக்குள் ஒரு பெண்ணுக்கும் நடக்கலாம்.

இருவர் பெயரையும் எழுதித் தம்பதியராக மனு செய்ய முதலில் சட்டத்தின் கண்ணில் தம்பதியராக இருக்க வேண்டும். இங்கேதான் நம்மவர்கள் பலர் தடுக்கி விழுகிறார்கள். 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதற்கு முன் சமய வழக்கப்படி நடந்த திருமணம் அப்படியே செல்லும், அதனால் தாத்தா பாட்டிகள் கவலைப்பட வேண்டாம். அந்தத் தேதிக்குப் பிறகு, தண்ணீர்மலை முருகன் சன்னதியிலேயே தாலி கட்டியிருந்தாலும், பதிவாளர் முன்னிலையில் பதிவாகவில்லை என்றால் சட்டத்தில் அது திருமணமே இல்லை. பதிவு அதிகாரம் பெற்ற கோயில்களில் இரண்டும் ஒரே நாளில் முடியும். மற்ற இடங்களில் தேசியப் பதிவிலாகாவுக்கு முன்கூட்டியே போய் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அந்த அறிவிப்பு 21 நாள் ஒட்டப்பட்டிருக்கும். மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் முன்பணம் கட்டும் அதே வாரத்தில் இதையும் முடித்துவிடுங்கள். பிள்ளை பிறந்த பிறகும் பதிவு செய்யாதவர்கள் வெட்கப்பட்டுத் தள்ளிப்போடாமல் இந்த மாதமே போங்கள்.

சிங்கப்பூரில் சொந்தம் உள்ளவர்கள் அங்கே நிலைமை வேறு என்பதை அறிவார்கள். வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீட்டுக்கு நிச்சயித்த ஜோடியாகவே மனு போடலாம், சாவி வாங்கி மூன்று மாதத்துக்குள் திருமணச் சான்றிதழைக் காட்டினால் போதும். வீடு கிடைக்கும் தேதியைப் பார்த்துக் கல்யாணத்துக்கு நாள் குறிக்கும் வழக்கமே அங்கே உண்டு. அப்படி ஒரு வாய்ப்பு நம் மாநிலத்துப் பிள்ளைகளுக்கும் தெளிவாக அமைய வேண்டும் என்று நான் விரும்புகிறேன். கல்யாணம் முடிந்ததும் வாடகை அறைக்கும் மாமியார் வீட்டுக்கும் நடுவே அல்லாடாமல் இருப்பார்கள்.

மனுவை அனுப்பும் முன் ஒரு மாலை இருவரும் மேசையில் எல்லாத் தாளையும் பரப்பிவைத்துப் பாருங்கள். நம் பெயர்கள் படுத்தும் பாடு கொஞ்சமல்ல. லெட்சுமி என்ற ஒரு பெயர், ஆங்கில எழுத்தில் அடையாள அட்டையில் வை (Y) எழுத்தில் முடியும், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் ஐ (I) எழுத்தில் முடியும், திருமணச் சான்றிதழில் நடுவே ஓர் எழுத்து கூடுதலாக இருக்கும். பன்னிரண்டு இலக்க அட்டை எண் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று விரல் வைத்துச் சரிபாருங்கள். எழுத்து வேறுபட்டால் இருவரும் ஒருவரே என்று சத்தியப் பிரமாணம் செய்து இணைத்துவிடலாம். ஈப்போவிலிருந்தோ சுங்கைப்பட்டாணியிலிருந்தோ வாழ வந்த மருமகள்கள் அட்டையில் முகவரியை மாற்றினீர்களா? 2021 டிசம்பர் முதல் புதிய வாக்காளர் பதிவு அந்த முகவரியை வைத்தே தானாக நடக்கிறது. பினாங்கு வாக்காளராக இருப்பது இங்கே வீட்டு மனுவுக்கு நெடுநாளாகக் கேட்கப்படும் தகுதி.

லாரி, டாக்சி, அங்காடி என்று சம்பளச் சீட்டு இல்லாத தொழில் செய்பவர்கள் கடன் கிடைக்காது என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிடாதீர்கள். அவர்களுக்காகவே எஸ்ஜேகேபி எனப்படும் வீட்டுக்கடன் உத்தரவாத நிறுவனம் 2008 முதல் இருக்கிறது. தினசரி வரவு வங்கிக் கணக்கு வழியாக வருமாறு இப்போதிருந்தே பழக்கிக்கொண்டால், கடன் கேட்கப் போகும்போது காட்ட ஏதாவது இருக்கும். மோட்டார் சைக்கிள் தவணையும் பிடிபிடிஎன் கல்விக் கடனும் நிலுவையில் இருந்தால் வங்கி முதலில் அதைத்தான் கேட்கும்.

தனியாளாக இருந்தபோது மனு போட்டுவிட்டு இடையில் திருமணம் செய்தவர்கள், வீடமைப்பு வாரியத்துக்குத் தெரிவித்து மனைவி அல்லது கணவரின் விவரத்தைச் சேருங்கள். ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் வருமானமும் முகவரியும் மாறியிருந்தால் புதுப்பியுங்கள். உங்கள் மனு எந்தக் கட்டத்தில் தடைபட்டது, எந்தத் தாளைக் கேட்டார்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். பெயர் வெளியிட மாட்டோம். அடுத்த இதழில் ஒரு வழக்கறிஞரிடம் பதில் பெற்றுத் தருகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்