எத்தனை கோர் வேண்டும்?

நம் இல்லங்களில் அண்மைக் காலமாக ஒரு வழக்கு அடிக்கடி விசாரணைக்கு வருகின்றது. வாதி, கல்லூரியில் பயிலும் மகன். சில வீடுகளில் மகள். பிரதிவாதி, மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் தந்தை. விளையாட்டுகளுக்கு ஏற்ற மேசைக் கணிப்பொறி ஒன்று வேண்டும், அதில் இருபது அல்லது இருபத்து நான்கு கோர் கொண்ட பிராசஸர் இருக்க வேண்டும் என்பது வாதியின் கோரிக்கை. அதே பொறியில் தமது அலுவலகப் பணியும் நடக்க வேண்டும், இளையவளின் பாடமும் ஓட வேண்டும், ஊரிலுள்ள பாட்டியோடு முகம் பார்த்துப் பேசவும் வேண்டும் என்பது தந்தையின் நிலை. பணம் தருபவர் அவரே. கட்கியிலும் தேஹு ரோட்டிலும் பிம்ப்ரியிலும் வாழும் அன்பர்கள் பலர் இதுபற்றி நம்மை வினவியுள்ளனர். திலக் சாலைக் கடைகளில் கேட்டால், “கோர் கூடினால் வேகம் கூடும்” என்று ஒரே வரியில் தீர்ப்பளித்து விடுகின்றனர். அது பாதி உண்மை. மறுபாதிதான் நம் பணத்தைக் காப்பது.

பிராசஸர் என்பது கணிப்பொறியின் கணக்கறை. கோர் என்பது அவ்வறையில் அமர்ந்திருக்கும் கணக்குப்பிள்ளை. 2005ஆம் ஆண்டு வரை வீட்டுக் கணிப்பொறிகளில் ஒரே கணக்குப்பிள்ளைதான். அவரை மேலும் மேலும் விரைவாக எழுதச் செய்வதற்கு வெப்பம் தடையாக நின்றது. எனவே அவ்வாண்டு இன்டெல், ஏஎம்டி ஆகிய இரு நிறுவனங்களும் இரண்டு கோர் கொண்டவற்றை மேசைக் கணிப்பொறிகளுக்காகக் கொணர்ந்தன. விளம்பரங்களில் கோருக்குப் பக்கத்திலேயே ‘திரெட்’ என்றொரு எண்ணையும் காணலாம். ஒரே கணக்குப்பிள்ளை இரண்டு பேரேடுகளை விரித்து வைத்துக்கொண்டு, ஒன்றுக்கு விவரம் வந்து சேரும் வரை மற்றொன்றை எழுதுவதே அது. ஆறு கோர், பன்னிரண்டு திரெட் என்றால் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள் என்று பொருளன்று.

பல கணக்குப்பிள்ளைகளைக் கொண்டு ஒரு பெரிய கணக்கை முடிப்பது எங்ஙனம் என்பதை அறிய நாம் வெளியூர் செல்ல வேண்டா. நாம் பிழைக்க வந்த இந்தப் புணே நகரமே அதற்குப் பேர்பெற்றது. 1980களில் மேல்தரமான கணிப்பொறிகளை நமக்கு விற்க அமெரிக்கா தயங்கியது. அதன் விளைவாக 1988இல் சி-டாக் என்னும் நிறுவனம் இங்கே தோன்றியது. விஜய் பட்கரின் தலைமையில் அறிஞர்கள் உழைத்து, 1991இல் ‘பரம் 8000’ என்னும் பொறியை நாட்டுக்கு அளித்தனர். ஈடிணையற்ற வேகமுடைய ஒற்றைப் பிராசஸரை அவர்கள் உருவாக்கவில்லை. இங்கிலாந்தின் இன்மாஸ் நிறுவனம் செய்த டிரான்ஸ்பியூட்டர் என்னும் சிறு பிராசஸர்களை வாங்கினர். ஒவ்வொன்றிலும் அண்டையிலுள்ளவற்றோடு பேசுவதற்கு நான்கு இணைப்புகள் உண்டு. அவற்றை அறுபத்து நான்கு என்ற கணக்கில் கோத்து, வேலையைப் பங்கிட்டுக் கொடுத்தனர். தனித்தனியே எளியவை, கூட்டாகச் சேர்ந்தபோது உலகம் திரும்பிப் பார்த்தது.

இது வெற்றி பெற்றதற்குக் காரணம், அவர்கள் கையிலெடுத்த வேலையின் இயல்பு. பருவமழையை முன்கூட்டி அறியும் கணக்கை எடுத்துக்கொள்வோம். பாஷாணிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் செய்யும் பணி அது. 2024இல் அங்கே ‘அர்க்கா’ என்னும் பெரும் பொறி நிறுவப்பட்டது. நிலப்பரப்பையும் வானத்தையும் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கோருக்கும் சில கட்டங்கள் என ஒப்படைத்து விடலாம். கட்டத்தின் ஓரங்களில் மட்டும் அண்டையாரைக் கேட்டால் போதும். இத்தகைய வேலைக்கு ஆள் கூடக்கூட வேகம் கூடும்.

விளையாட்டு அத்தகைய வேலையன்று. விளையாடுபவன் விசையை அழுத்துகிறான். அதன்பின் அவன் எங்கே நிற்கிறான் என்று கணக்கிட வேண்டும். அது தெரிந்த பிறகே எதிரி அவனைக் காண்கிறானா என்று தீர்மானிக்கலாம். அது முடிந்தால்தான் எதை வரைவது என்று கிராபிக்ஸ் கார்டுக்குச் சொல்ல இயலும். கலியாண வீட்டில் காய் நறுக்கப் பத்துப் பேர் உட்காரலாம். பருப்பு வேகாமல் சாம்பாரை இறக்குவதற்கு எத்தனை பேர் வந்தாலும் வழியில்லை.

இவ்வுண்மையை ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த ஜீன் அம்டால் 1967இலேயே எடுத்துரைத்தார். நாமும் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். திரையில் ஒரு படம் தோன்றுவதற்கு ஒற்றைக் கோருக்கு 12 மில்லிசெகண்டு ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதி வேலை பங்கிட இயலாதது. மறுபாதி பங்கிடத் தக்கது. ஆறு கோர் இருந்தால், பங்கிடாத 6 மில்லிசெகண்டோடு பங்கிட்ட 1 சேர்ந்து 7 ஆகும்; அதாவது நொடிக்கு ஏறத்தாழ 142 படங்கள். இருபத்து நான்கு கோர் இருந்தால் 6.25 ஆகும், நொடிக்கு 160 படங்கள். நான்கு மடங்கு கோருக்குக் கிடைத்த லாபம் முக்கால் மில்லிசெகண்டு! மாறாக, கோர் ஆறே இருந்து, ஒவ்வொன்றும் முன்னதைவிட 20 விழுக்காடு வேகமுடையதானால், 5.83 மில்லிசெகண்டில் முடிந்து 171 படங்கள் கிட்டும். இருபத்து நான்கை ஆறு வென்றுவிட்டது. மெய்யான விளையாட்டுகளில் இவ்விகிதம் ஒன்றுக்கொன்று மாறுபடும். கணக்கின் போக்கு மாறாது.

கோரின் வேகம் என்றவுடன் கிகாஹெர்ட்ஸ் எண்ணைத் தேடுவோர் உளர். அதுவும் தனியே போதாது. அடுப்பருகே அஞ்சறைப் பெட்டி இருப்பதற்கும், ஒவ்வொரு சிட்டிகைக் கடுகுக்கும் உக்கிராண அறைக்கு நடப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நம் இல்லத்தரசிகள் நன்கு அறிவர். பிராசஸரின் அஞ்சறைப் பெட்டிக்குப் பெயர் கேஷ். உக்கிராணம் என்பது ரேம். 2022இல் ஏஎம்டி வெளியிட்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி என்பது, தன் முன்னவனான 5800எக்ஸைவிடக் கிகாஹெர்ட்ஸில் சற்றுக் குறைந்ததே. இரண்டுக்கும் கோர் எட்டுதான். ஆயினும் முன்னதன் 32 எம்பி கேஷுக்குப் பதிலாக இதற்கு 96 எம்பி அமைத்தனர். விளையாட்டுகள் பலவற்றில் இது முந்திச் சென்றது. பின்னர் வந்த 7800எக்ஸ்3டி, 9800எக்ஸ்3டி ஆகியனவும் இவ்வழியைப் பின்பற்றியவையே.

சரி, விளையாடிக்கொண்டே பாட்டுக் கேட்பதும், நண்பர்களோடு பேசுவதும், பிரவுசரில் முப்பது பக்கங்களைத் திறந்து வைப்பதும் என்னாவது? இதற்குத்தானே கோர் கேட்கிறோம் என்பான் மகன். அவன் கூற்றில் நியாயம் உண்டு, ஓரளவு. திறந்து கிடக்கும் பக்கங்களில் பெரும்பாலானவை எந்த வேலையும் செய்வதில்லை. இடத்தை அடைத்துக்கொண்டு உறங்குகின்றன. அவை கேட்பது ரேம். 8 ஜிபி மட்டுமே வைத்துக்கொண்டு பொறி திணறினால் பிராசஸரைப் பழிப்பது முறையன்று. இக்காலத்தில் 16 ஜிபி வேண்டும். அதுவும் எட்டு எட்டாக இரு துண்டுகளாய் இருத்தல் நலம். விளையாட்டைப் பதிவுசெய்யும் வேலையைப் புதிய கிராபிக்ஸ் கார்டுகள் தாமே ஏற்றுக்கொள்கின்றன. இன்டெல் 2021 முதல் தன் பிராசஸர்கள் பலவற்றில் பெரிய கோர்களோடு சிறிய கோர்களையும் வைத்து, பின்னணி வேலைகளை அச்சிறியவற்றுக்குத் தள்ளி விடுகின்றது. ‘பதினான்கு கோர்’ என்னும் ஐ5 14600கேயில் பெரியவை ஆறே, சிறியவை எட்டு. விளம்பரத்தில் எல்லாம் ஒரே கூட்டலில் வந்து விடுகின்றன.

மெய்யாகவே கோர் மிகுதியாக வேண்டிய வேலைகள் உண்டு. திரைப்படத் துண்டுகளைத் தொகுப்பவர், பிளெண்டரில் உருவம் சமைப்பவர், ஹிஞ்சவடி நிறுவனங்களின் பெரிய நிரல்களை வீட்டில் தொகுத்துப் பார்ப்பவர் ஆகியோர்க்குப் பன்னிரண்டும் பதினாறும் வீண் செலவல்ல. அவர்கள் வேலை பாஷாண் வானிலைக் கணக்குக்கு உறவு. ஏனைய இல்லங்களுக்கு ஆறு நல்ல கோர் போதும் என்பதே நம் கருத்து. ரைசன் 5 7600, ஐ5 12400, ஐ5 14400 போன்றவை இவ்வகையின. மிஞ்சிய பணம் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகட்டும். திரை 60 ஹெர்ட்ஸ் உடையதாயின், நொடிக்கு 171 படங்கள் பிராசஸர் அனுப்பினாலும் கண்ணுக்குக் கிட்டுவது அறுபதே. திரையையும் சேர்த்துப் பார்க்காமல் பிராசஸரை மட்டும் உயர்த்துவதில் பயன் சிறிது.

கிராபிக்ஸ் கார்டைப் பின்னர் வாங்கிக்கொள்ளலாம் என்று எண்ணும் குடும்பங்கள் ஓர் எழுத்தைக் கவனிக்க வேண்டும். இன்டெல் பெயரின் இறுதியில் ‘எஃப்’ இருந்தால் அதற்குள் படம் காட்டும் பகுதி இல்லை. கார்டு வரும்வரை திரை இருண்டே கிடக்கும். ‘எஃப்’ இல்லாத 12400 அவ்வாறன்று. ரைசன் 5 7600லும் எளிய படப்பகுதி உள்ளது. அதைக்கொண்டு பாடமும் அலுவலும் தடையின்றி நடக்கும். வெப்பம் தணிக்கும் விசிறியும் அதன் பெட்டியிலேயே வருகின்றது. எக்ஸ்3டி வகைகளுக்கும் ‘கே’ என்று முடியும் இன்டெல் வகைகளுக்கும் விசிறி தனிச் செலவு.

‘ஐ7’ என்ற பெயரைக் கண்டு மயங்குவோர்க்கு ஒரு சொல். பழைய அலுவலகப் பொறிகளைத் துடைத்து ‘ஐ7 கணிப்பொறி’ என்று மலிவாக விற்கின்றனர். 2014ஆம் ஆண்டின் ஐ7 4790க்கு நான்கு கோர். 2022இல் வந்த ஐ3 12100க்கும் நான்கு கோர். பெயரில் தாழ்ந்த அந்த ஐ3, ஐ7ஐவிட மிக வேகமானது. மேலும், இன்டெலின் எட்டாம் தலைமுறைக்கு முற்பட்டவற்றை, மிகச் சிலவே விலக்காக, விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவோ 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. எனவே ‘ஐ’க்குப் பின் வரும் ஒற்றை இலக்கத்தை விட்டு, அதையடுத்த நீண்ட எண்ணைப் படிக்க வேண்டும். ஏஎம்டியிலும் இத்தகைய வலை உண்டு: ரைசன் 5 5600க்கு 32 எம்பி கேஷ், பெயரில் நூறே குறைந்த 5500க்கு அதில் பாதி.

பழைய பொருள் வாங்குவோர்க்கு இன்னொன்று. இன்டெலின் பதின்மூன்றாம், பதினான்காம் தலைமுறைகளில் உயர்தரமான சில ஐ5, ஐ7, ஐ9 வகைகள் மிகையான மின்னழுத்தத்தால் பழுதடைவதை 2024இல் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதக் காலத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டியது. அத்திருத்தம் மேற்கொண்டு கேடு வராமல் தடுக்கும். ஏற்கெனவே கெட்டதைச் சீர்படுத்தாது. முன்னவர் அதை எப்பொழுது ஏற்றினார் என்று கேட்டறியாமல் இவ்வகைகளைக் கைமாற்றாக வாங்க வேண்டா.

மதர்போர்டு பற்றியும் சிறிது. 2017இல் ஏஎம்4 போர்டு வாங்கியவர் பலர், பயாஸைப் புதுப்பித்துக்கொண்டு, ஐந்தாண்டு கழித்து வந்த 5800எக்ஸ்3டியை அதிலேயே பொருத்திக்கொண்டனர். 2022இல் வந்த ஏஎம்5க்கு 2027 வரையேனும் ஆதரவு உண்டு என்பது ஏஎம்டியின் வாக்கு. இன்டெல் 12, 13, 14 தலைமுறைகளுக்கான போர்டு அம்மூன்றோடு நின்றுவிட்டது. 2024 அக்டோபரில் வந்த புதிய வகைகளுக்கு வேறு போர்டு வேண்டும். இன்று ஆறு கோரோடு தொடங்கி, மகன் சம்பாதிக்கத் தொடங்கியபின் தன் பணத்தில் எக்ஸ்3டி வாங்கிப் பொருத்திக்கொள்ளட்டும் என்று கருதும் தந்தைக்கு ஏஎம்5 இசைவானது. ஆனால் அதற்கு டிடிஆர்5 ரேம்தான் பொருந்தும். 2025ஆம் ஆண்டின் இறுதியில் ரேம் விலை கடுமையாக ஏறியதால், போர்டின் விலையோடு ரேமின் விலையையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்த பின்னரே முடிவு செய்தல் வேண்டும்.

கடையில் பெட்டியோடு வரும் பிராசஸரையே கேளுங்கள். பெட்டியின்றி ‘டிரே’ என்று தருவது விலையில் சற்றுக் குறையும். ஆனால் பெட்டிப் பொருளுக்கு நிறுவனம் தரும் மூன்றாண்டு உத்தரவாதம் அதற்கு இராது, கடைக்காரர் சொல்தான் உத்தரவாதம். ஜிஎஸ்டி பில்லில் பிராசஸரின் முழுப் பெயரும், பெட்டியின் மேலுள்ள வரிசை எண்ணும் ஏறியிருக்கின்றனவா என்று அங்கேயே நின்று ஒத்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.